ஒன்று பத்துக்குப் பூட்டிக்கொண்ட கார்

தலைவர் முருகேஷுக்கு இடுப்பு வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் அது பென்னாகரம் வட்டாரப் புளி உற்பத்தியாளர் கூட்டுறவு இணையத்தின் இடுப்பு வலியாகிவிட்டது. வியாழக்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். உறுப்பினர்கள் கொண்டுவந்து கொட்டிய புளி மூன்று மாதமாக இண்டூர் கிடங்கில் கிடந்து கறுத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒருவரும் அவசரக் கூட்டம் போடவில்லை. புளி கறுத்தால் பழம்புளி என்று பெயர் மாற்றி விற்றுக்கொள்ளலாம். தலைவரின் இடுப்பை என்ன பெயர் மாற்றுவது?

செயலாளர் சிவக்குமார் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஐயா இத்தன வருசமா நம்ம ஜீப்புலதான் போறாருங்க. அது குலுக்குற குலுக்குல ஐயாவோட முதுகெலும்பு தேயுது. ஐயா முதுகெலும்புதான் இணையத்தோட முதுகெலும்பு. ஆனா சிக்கன நடவடிக்கை இருக்கு. புது வண்டி வாங்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால புதுசா சின்னக் காரு வாங்கறது வீண் செலவு. பழசா பெரிய காரு வாங்கறது சிக்கனம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கதவோரம் நின்றுகொண்டிருந்த மாதுவும் தட்டினான். அந்த ஜீப்பைப் பதினேழு வருடமாக ஓட்டுகிற தற்காலிக ஓட்டுநர் அவன். கார் வந்தால் கூடவே நிரந்தர ஓட்டுநர் பணியிடம் ஒன்றும் வரும், அது மாதுவுக்குத்தான் என்று சிவக்குமார் காதோடு சொல்லியிருந்தார். ஆவணி முடிந்தால் மாதுவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆடி பிறந்து பத்து நாளாகியிருந்தது. அதனால் அந்தக் கைதட்டலில் மாதுவுடையதுதான் உரக்கக் கேட்டது.

அடுத்த வாரமே கிடங்கின் முன்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டும் வெளிநாட்டு வண்டிகள், இரண்டும் நீளமானவை. கறுப்புக் கார், கடனில் மூழ்கிய ஒரு கல்குவாரி முதலாளியிடமிருந்து வங்கி பிடுங்கியது. வெள்ளைக் கார், மாவட்டப் பட்டுக்கூடு மேம்பாட்டு வாரியத்துடையது. பட்டுப்புழுவுக்குத் தழை வாங்க வக்கில்லாமல் மூடப்பட்ட வாரியம் அது. புழு செத்தது, பிறகு வாரியம் செத்தது. கார் மட்டும் பளபளவென்று மிஞ்சியது.

ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து ஓட்டுநர் ஒப்பீட்டு அறிக்கை தரவேண்டும், அதன்படி வாகனத் தேர்வுத் துணைக்குழு முடிவெடுக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். மாதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் மாட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அது சின்ன ஆளாக இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்பது பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

கறுப்புக் காரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் ஓட்டினான். தொப்பூர்க் கணவாயில்கூட ஒரு முனகல் இல்லை. தலைவர் பின்னால் சாய்ந்து குறட்டை விட்டார்.

வெள்ளைக் காரில் சாவியைப் போட்ட உடனே ஓட்டுநர் இருக்கை தானாக நகர்ந்தது. சர்ரென்று முன்னால் போய் மாதுவின் முழங்காலைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கில் இடித்து நின்றது. மாது நல்ல உயரம். பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓட்டினான். மறுபடி நிறுத்தி எடுத்தபோது மறுபடியும் முன்னால் வந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியும் கூடவே மெல்லத் திரும்பி, சாலையை விட்டுவிட்டுப் பின் இருக்கையைப் பார்த்து நின்றது.

தருமபுரி மெக்கானிக் சிரித்தான். "இதுக்குப் போயி பயந்துட்டீங்களாண்ணா? முன்னாடி ஓட்டுனவரு அளவு இதுல பதிஞ்சிருக்கு. குள்ளமான மனுசன்போல. அழிச்சுட்டன், போங்க." மறுநாள் காலை மாது சாவியைப் போட்டான். இருக்கை சர்ரென்று முன்னால் வந்தது. மெக்கானிக் மூன்று தடவை அழித்தான். நான்காம் தடவை அவன் சிரிக்கவில்லை. வேறு கடை பாருங்கள் என்றான்.

மூன்றாம் நாள் தலைவருக்குத் தருமபுரியில் ஒரு கூட்டம். "வண்டிய வுட்டு நகராத, எப்ப வேணா வருவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாது வெயிலில் வண்டியை நிறுத்தி, தூசி வராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். சரியாக ஒன்று பத்துக்கு நான்கு கதவும் டக்கென்று ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

கைப்பிடியை இழுத்தான், திறக்கவில்லை. சாவியைத் திருகினான், ஒரு சத்தமும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. உச்சி வெயிலில், ஜன நடமாட்டம் உள்ள இடத்தில், பக்கத்திலேயே ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருக்க, மாது உள்ளே அடைபட்டுக் கிடந்தான். வண்டிக்குள் இன்னொரு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. தன்னுடையதுதானோ என்று தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தான். அது நிற்கவில்லை.

ஹாரன் அடிக்கலாம் என்று தோன்றியது. கையைக்கூடக் கொண்டுபோய்விட்டான். ஐயா கூட்டத்தில் இருக்கிறாரே, இடைஞ்சலாகிவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டான். அட மடையா! அப்போதுகூடக் கையை இழுத்துக்கொண்டான். கண்ணாடியில் பின் இருக்கை காலியாகத் தெரிந்தது. அந்தக் காலி இருக்கையை யாரோ தன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும், யாரோ வரவேண்டும், வந்தால் உடனே எழுந்து கதவைத் திறக்கவேண்டும் என்று கிடந்து தவிப்பது போலவும் அவனுக்கு இருந்தது. ஒன்று நாற்பத்தைந்துக்குக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. மாது வெளிக்காற்றை வாய் வழியாக இழுத்தான், வண்டியை விட்டு மட்டும் இறங்கவில்லை.

மறுநாளும் அதே ஒன்று பத்து. இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தான். பூட்டு மட்டும் டக்கென்று விழுந்தது. மூச்சு கேட்டது.

"சார், வெள்ள வண்டியில என்னமோ இருக்குதுங்க" என்று செயலாளரிடம் போய் நின்றான். தலைவரும் அங்கேதான் இருந்தார்.

சிவக்குமார் பதறவில்லை. அலமாரியைத் திறந்து பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். 1987இல் சில உறுப்பினர்கள் தங்கள் புளியமரத்தில் பேய் இருப்பதால் உலுக்க முடியவில்லை என்றும், பேயுள்ள மரத்துக்குத் தனிப் படித்தொகை வேண்டும் என்றும் மனுக் கொடுத்திருந்தார்கள். இணையம் மூன்று நாள் கூடி விவாதித்துப் பதினான்காம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சிவக்குமார் அதை நின்றுகொண்டே வாசித்தார்: "இணையத்தின் எல்லைக்குட்பட்ட மரங்கள், கட்டடங்கள், வாகனங்கள் ஆகிய எவற்றிலும் பேய் இல்லை. ஏற்கெனவே இருந்தவை இத்தீர்மான நாள் முதல் நீக்கப்பட்டதாகக் கருதப்படும்."

புத்தகத்தை மூடினார். "பேய் இருந்தா அது தீர்மானத்துக்கு விரோதம். நீ என்ன, பொதுக்குழுவ எதுத்துப் பேசறியா?"

"இல்லீங்க சார்."

தலைவர் மட்டும் கொஞ்சம் நெளிந்தார். "தீர்மானம் இருக்கட்டும் சிவக்குமாரு. அந்த வண்டியில யாராச்சும் செத்தாங்களா? அதப் பாரு."

வாரியத்திலிருந்து காரோடு வந்த கோப்பைப் புரட்டினார்கள். ஒருவர் செத்திருந்தார்.

"யாரு? டைரக்டரா, டிரைவரா?" தலைவரின் குரல் கம்மியது.

"டிரைவருங்க ஐயா. பேரு சவுரியப்பன். டைரக்டரு ரிட்டையர் ஆகி, பேரன் பேத்தியோட சொகமா இருக்காருங்க."

தலைவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அட, டிரைவர்தானா! என்னமோன்னு பயந்துட்டன். செத்தது முன் சீட்டு. நான் ஒக்கார்றது பின் சீட்டு. பின் சீட்டு ராசியான சீட்டுன்னு ஆவுது. கறுப்பு வண்டியிலதான் பின் சீட்டுக்காரன் நொடிஞ்சு போயிருக்கான். எனக்கு ரெண்டும் சம்மதம், துணைக்குழு எது சொன்னாலும் சரி."

மாது முன் சீட்டுக்காரன். அவன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான் என்பது இருவருக்கும் நினைவில்லை.

தலைவர் போனபிறகு சிவக்குமார் மாதுவை அருகில் அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை, விதிகளைத் தவிர வேறு எதையும் படிக்காதவர், அவ்வளவுதான். "இங்க பாரு மாது. கறுப்பு வந்தா போஸ்டு புதுசு, ஒனக்கு ஆர்டர் அடிச்சுடலாம். வெள்ள வந்தா அந்த வாரியத்துப் போஸ்டு வண்டியோடயே நம்மகிட்ட வருது. அதுல இருந்த ஆளு பணியில செத்திருந்தா வாரிசுக்குத்தான் மொதல்ல குடுக்கணும். ஆனா ஒனக்கு நல்ல நேரம். அந்தாளு செத்தது மத்தியானம் ஒன்னு பத்துக்கு. உணவு இடைவேளை ஒன்னுலருந்து ஒன்னே முக்கால். அதனால பணியில சாகல, பணிக்கு நடுவுல செத்துட்டாருன்னு வாரியம் முடிச்சுட்டாங்க. எது வந்தாலும் நீதான்."

மாது தலையாட்டினான். சந்தோசப்பட வேண்டிய நேரம். கண் மட்டும் வெளியே நின்ற வெள்ளைக் காரின் முன் சீட்டுக்குப் போனது.

"இன்னொன்னு" என்றார் சிவக்குமார். "வெள்ள வண்டியோட ஓட்டப் பதிவேட்டுல அந்தாளு கடசி வரியப் பாதியில வுட்டுட்டாரு. முந்தின வரி முடியாம அடுத்த வரி எழுதக் கூடாது. அதனால இந்த வாரத்து ஓட்டம் ஒன்னுமே ஏறாம நிக்குது. எதையாவது எழுதி முடிச்சு, ஐயாகிட்ட கையெழுத்து வாங்கிரு. ஐயா பச்ச மை வுழுந்துட்டா அப்பறம் அது ஆவணம். வண்டி வேண்டாம்னு ஆச்சுன்னா பொஸ்தகம் வண்டியோடயே திரும்பிப் போயிரும்."

பதிவேட்டை வண்டிக்குள் வைத்துத்தான் திறந்தான். குண்டு குண்டான கையெழுத்து. கடைசி வரியில் ஏப்ரல் மாதத் தேதி ஒன்று, 'காலை 9.40 முதல்' என்று இருந்தது. அப்புறம் வெறும் கட்டங்கள். 'எத்தனை மணி வரை' என்ற கட்டத்தில் பேனா வைத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது. எதையாவது எழுது என்கிறார் செயலாளர். செத்துப்போன மனிதனின் வரியில் எதை எழுதுவது? அன்று இரவு மாதுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு பென்னாகரம் சாலையில் சவுரியப்பன் வீட்டுக்குப் போனான். மகள் எழிலரசி கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். வாரிசு வேலை விசயமோ என்று முதலில் முகம் மலர்ந்தாள். வண்டி விசயம் என்றதும் வாடிப்போனாள்.

"உள்ள வாங்கண்ணா. வூடு குப்பையா கெடக்குது, ஒன்னும் நெனச்சுக்காதீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு என்னாச்சு கண்ணு?"

"டைரக்டரு காலையில கூட்டத்துக்கு உள்ள போனாருங்க. வெயில் காலத்துல பட்டுப்புழுவ எப்படிக் குளுகுளுன்னு வெச்சுக்கறதுன்னு கூட்டம். அப்பாவ வண்டிய வுட்டு நகராதன்னுட்டாரு. டீசல் சிக்கனம்னு வண்டி நிக்கிறப்ப ஏசி போடக் கூடாது. ஒன்னு பத்துக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரு. நெஞ்ச அடைக்குது கண்ணுன்னாரு. எறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுப்பான்னு கத்துனன். 'ஐயா வந்துட்டாருன்னா?' அப்படின்னாரு. அவ்ளோதாங்கண்ணா. அப்பறம் மூச்சு மட்டும் கேட்டுது. கொஞ்ச நேரத்துல அதுவும் இல்ல. எங்க நிக்கறாருன்னும் தெரியாது, ஆபீசுல சாப்பாட்டு நேரம்னு யாரும் போன எடுக்கல."

மாதுவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த மூச்சை அவன் இரண்டு மதியம் கேட்டிருந்தான்.

"அஞ்சு மணிக்கு டைரக்டரு வந்து கண்ணாடியத் தட்டியிருக்காரு. தூங்கறான் பாருன்னு திட்டினாராம். அப்பறம் சாப்பாட்டு நேரத்துல செத்தாருன்னு எழுதிட்டாங்க. அவரு சாப்புடவேயில்லீங்க! டிபன் டப்பாவ மூடிகூடத் தெறக்காம எங்கிட்டதான் குடுத்தாங்க. களியும் கீரையும் அப்படியே இருந்துச்சு. அதத் தூக்கிட்டுப் போயிக் காட்டுனன். டப்பா ஆவணம் ஆவாதுன்னுட்டாங்க." அவள் அழவில்லை. அழுது முடித்து வருடங்கள் ஆகியிருக்கும். மாதுதான் அழுதான்.

திரும்பி வரும்போது ஜீப்பில் தனக்குத்தானே பேசிக்கொண்டே வந்தான். எனக்கென்ன வந்தது? நான் யார் இதற்கு? பதினேழு வருடம்! ஒரே ஒரு கையெழுத்து. கறுப்பு என்று எழுதிவிட்டால் ஆவணிக்குள் ஆர்டர் கையில். பெண்டாட்டி மணிமேகலை இன்னொரு ஆவணி பொறுக்கமாட்டாள், ஊரார் வாயையும் அடைத்துவிடலாம். செத்தவன் என் மாமனா மச்சானா? இப்படியே இண்டூர் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தான். கிடங்கில் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. மாது உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைப் போட்டான். இருக்கை முன்னால் வந்து முழங்காலை இடித்தது. இந்தத் தடவை அவன் தள்ளவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு, பதிவேட்டை ஸ்டியரிங்கின் மேல் வைத்து, சவுரியப்பன் விட்ட வரியை எழுதி முடித்தான்.

'காலை 9.40 முதல் மதியம் 1.10 வரை. வண்டியை விட்டு இறங்கவில்லை. சாப்பிடவில்லை. பணியில் இருந்தபோதே இறந்தார்.'

கட்டத்துக்குள் அடங்கவில்லை, குறிப்புக் கட்டத்திலும் ஏறியது. கால் மடங்கிக் கிடந்தும் எழுத்து கோணவில்லை.

திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் தலைவரிடம் நீட்டினான். கையெழுத்துப் போடுவது தலைவருக்கு உடற்பயிற்சி மாதிரி. காலையில் நாற்பது, மாலையில் நாற்பது. ஒரு கையில் போனைப் பிடித்து யாரையோ அதட்டிக்கொண்டே மறு கையால் பச்சை மையில் இழுத்துவிட்டார். அதன் கீழே சிவக்குமார் முத்திரை குத்தினார்.

அன்று மதியம் ஒன்று பத்துக்கு மாது வெள்ளைக் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். பூட்டு விழவில்லை. மூச்சு கேட்கவில்லை. தைரியம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் கூட இருந்தவர் எழுந்து போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

ஒப்பீட்டு அறிக்கையில் ஒரே வரி எழுதிக் கொடுத்தான்: 'வெள்ளை வண்டி நல்ல வண்டி.'

துணைக்குழு கூடி, வெள்ளையை வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியபிறகுதான் சிவக்குமார் பணியிடக் கோப்பை எடுத்தார். பதிவேட்டைப் புரட்டினார். முகம் வெளுத்தது. தலைவரிடம் ஓடினார், மாதுவையும் இழுத்துக்கொண்டு.

"ஐயா, இதப் பாத்துதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

தலைவர் வாசித்தார். கண் சிவந்தது. "எவன்டா இத எழுதுனது? நான் எங்கடா இதப் படிச்சன்?"

"ஐயா, அப்படிச் சொல்லக் கூடாதுங்க!" சிவக்குமார் கதவைச் சாத்தினார். "நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டீங்கன்னா, இத்தன வருசத்துல போட்ட எல்லாத்தையும் படிக்காமத்தான் போட்டீங்கன்னு ஆயிரும். கெடங்குப் புளியும் அதுல வருது. படிச்சுத்தான் போட்டீங்க. படிச்சா இது உண்ம. உண்மன்னா அந்தாளு பணியிலதான் செத்தாரு. வாரிசுக்குத்தான் வேல."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏற்கெனவே மேடையில் நிற்பதுபோலப் பேசினார். "செத்த தொழிலாளிக்கு நீதி குடுத்த மொத இணையம் நம்முளுதுன்னு ஒரு பேனர் அடி. என் போட்டோ பெருசா இருக்கட்டும். ஏன்டா மாது, ஒனக்கு வர்ற வேலைய நீயே கெடுத்துக்கிட்டியே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"தெரியலீங்க ஐயா."

"சரி போ. ஜீப்பு இருக்குது, ஓட்டு. தற்காலிகமா நீ எப்பவும் இருக்கலாம்."

வீட்டில் மணிமேகலை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஊரு ஒலகத்துல பேய்க்குக் கோழி குடுப்பாங்க, சாராயம் குடுப்பாங்க. வேலையத் தூக்கிக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்யா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டு டப்பாவை இரண்டு அடுக்காக்கிக் கொடுத்தாள்.

எழிலரசி ஆவணி கடைசியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே தருமபுரியில் பெரிய கூட்டம். வெள்ளைக் காரில் தலைவர், பின்னால் ஜீப்பில் புளி மாதிரிகளோடு மாது. தலைவர் இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், எந்த நேரமும் வருவேன், வண்டியை விட்டு நகரக் கூடாது.

மணி ஒன்றானது. வெயில் மண்டையைப் பிளந்தது. மாது ஜீப்பிலிருந்து பார்த்தான். எழிலரசி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்த்தி, கூட்ட வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

பதினேழு வருடத்தில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், மாது வண்டியை விட்டு இறங்கினான். போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்கு கண்ணு. சாப்புடலாம்."

அவள் வாசலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மாது அவள் கையைப் பிடித்து இறக்கினான். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து இரண்டு அடுக்கையும் பிரித்தார்கள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள்.

கூட்ட மண்டபத்துப் படியில் தலைவர் வந்து நின்று எழிலரசியைக் கூப்பிட்டார். அவள் எழப்போனாள். மாது அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். தலைவர் மாதுவைக் கூப்பிட்டார். பேரைச் சொல்லி, அதட்டி, மூன்று தடவை கூப்பிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க" என்றான் மாது.